சேட்டை பண்ணும் பிள்ளையும் வீடு தேடி வரும் ஆலோசகரும்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் போய் ஆலோசகரைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வீட்டில் தட்டை வீசி எறிகிற பையன் அந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமா சார்", "இல்ல சார்" என்று பதில் வரும். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு, நாம்தான் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவிட்டோமோ என்று கூச்சமாகிவிடும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் துபாயில் இருப்பார். அப்பத்தாவை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். ஆக, ஆலோசகர் பார்த்தது அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஒரு பையனையும் களைத்துப்போன ஒரு அம்மாவையும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன சொல்ல முடியும்? பொறுமையாக இருங்கள், அடிக்காதீர்கள், செல்போனைக் குறையுங்கள் என்பார். எல்லாம் சரியான பேச்சுதான். பஸ் உச்சிப்புளி தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும்.

ஆலோசகரே வீட்டுக்கு வந்து, அங்கே இருக்கிற எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசிப் பழக்குவதுதான் வீட்டிலேயே நடக்கும் குடும்ப ஆலோசனை. இதில் பையன் மட்டும் சிகிச்சைக்கு உட்காருவதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் அம்மா, அதே நிமிடம் 'பிள்ளை அழுகுதுல்ல, குடு' என்று சொல்லும் அப்பத்தா, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்து பகலில் தூங்கும் அப்பா, ரிமோட்டைப் பிடுங்கும் அக்கா என்று எல்லோரும் இதில் சேர்த்தி. சேட்டை என்பது பிள்ளைக்குள் இருக்கும் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் அவனை மட்டும் திருத்தினால் போதும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது அவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தினமும் நடக்கிற கொடுக்கல் வாங்கல். அதைப் பார்க்க வேண்டுமானால் நடக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கும் மேல் ஆகப்போகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1960களில், முரட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, சில வினாடிகளுக்கு ஒரு முறை யார் என்ன செய்தார்கள், அதற்கு மற்றவர் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். பெரிய சண்டைகளைவிட, நாள் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன நச்சரிப்புகளும் சிணுங்கல்களும் அதட்டல்களும்தான் அவர்களுக்கு விஷயத்தை விளக்கின. அப்புறம் 1974இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் ஹோம்பில்டர்ஸ் என்று ஒரு திட்டம் வந்தது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு, நாலைந்து வாரம் ஆலோசகர் வீட்டுக்கே போய் உதவுவது அதன் ஏற்பாடு. ஒரு ஆலோசகருக்கு ஒரு சமயத்தில் இரண்டு குடும்பம் அளவுதான். உலக சுகாதார நிறுவனம், வளர்ச்சியில் பின்தங்கிய 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக வகுத்திருக்கும் பயிற்சியிலும் 9 குழு வகுப்புகளோடு 3 முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது சேர்ந்திருக்கிறது.

சரி, நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு வருவோம். பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறேன். யாருடைய வீடும் இல்லை.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். பையனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறார். நாலரை மணிக்குப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். பை வாசலில் கிடக்கிறது. அப்பத்தா செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. ஆறு மணிவாக்கில் அம்மா வருகிறார். நாள் முழுக்க ஐஸில் கிடந்து விறைத்த விரல்கள், நின்று நின்று வலிக்கும் கால். செருப்பைக் கழற்றும்போதே "போன வச்சுட்டு வீட்டுப்பாடத்த எடு" என்கிறார். அவன் காதில் வாங்கவில்லை. இரண்டாம் தடவை குரல் ஏறுகிறது. மூன்றாம் தடவை போனைப் பிடுங்குகிறார். அவன் டம்ளரை வீசுகிறான், தரையில் புரள்கிறான், அம்மாவின் கையைக் கடிக்கிறான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. "அந்தக் கருமத்தத்தான் குடுத்துத் தொலையேன்டி, ஊரே பாக்குது" என்கிறார் அப்பத்தா. அம்மா போனை அவன் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போகிறார். சத்தம் நின்றுவிடுகிறது.

இந்த ஐந்து நிமிடத்தில் யார் யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். முதல் இரண்டு தடவை அம்மா சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, மூன்றாவதுதான் நிஜம் என்று பையன் கற்றுக்கொண்டான். டம்ளர் பறந்தால் போன் வரும் என்பதையும் கற்றுக்கொண்டான். அம்மாவும் ஒன்று கற்றுக்கொண்டார்: விட்டுக்கொடுத்தால் சத்தம் உடனே நிற்கிறது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் மறுநாளும் அவரை விட்டுக்கொடுக்க வைக்கிறது. பிள்ளை அம்மாவைப் பழக்குகிறான், அம்மா பிள்ளையைப் பழக்குகிறார். இருவருக்கும் அது தெரியாது. பேட்டர்சன் குழு கண்ட வட்டம் இதுதான். தினமும் ஒவ்வொருவரும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால்தான் மற்றவர் இறங்கிவருவார் என்று ஆகி, வீடு முழுக்கக் கத்தலாகிவிடுகிறது.

'நான் தினமும் கொடுப்பதில்லையே, பத்து நாளில் எட்டு நாள் உறுதியாகத்தான் இருக்கிறேன்' என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். சிக்கலே அந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது. தினமும் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றுபோனால் பிள்ளை சீக்கிரமே விட்டுவிடும். எப்போதாவது கிடைக்கும் என்றால் விடாது. நாலு தடவை வெறும் வலை இழுத்தாலும் ஐந்தாவது தடவை பாடு கிடைக்கும் என்று அவனுடைய அப்பா கடலுக்குப் போவதில்லையா, அதே கணக்குத்தான்.

இந்தக் கரையில் இன்னொரு விசேஷம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் ஆலோசகர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்து விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பும் படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். ஆகவே ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு இருக்கிறது. அப்பா இல்லாத நாளில் அம்மாவும் அப்பத்தாவும் வைத்ததுதான் சட்டம். அப்பா இருக்கும் பகலில் அவர் தூங்க வேண்டும். சத்தம் போட்டால் அடி விழும். சாயங்காலம் தூங்கி எழுந்ததும், அடித்துவிட்டோமே என்ற வருத்தத்தில் அவரே பையனை பைக்கில் வைத்துக் கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டதையெல்லாம் வாங்கித் தருவார். ஒரே தப்புக்கு ஒரு நாள் போன் கிடைக்கிறது, ஒரு நாள் பெல்ட் அடி கிடைக்கிறது, ஒரு நாள் சிப்ஸ் பாக்கெட் கிடைக்கிறது. பையன் கெட்டவனாகிவிடவில்லை. இன்றைக்கு எது செல்லும் என்று தினமும் சோதித்துப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் வீடுகளில் வேறு மாதிரி. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போகும் பெண்களுக்கு அந்த நாட்களில் விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புவது யார் என்பது மாதத்தில் பாதி நாள் ஒரு மாதிரி, பாதி நாள் இன்னொரு மாதிரி. கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டிலேயே இருக்கும் குடும்பங்கள் பல. வாப்பா, அதாவது அப்பா, வளைகுடாவில் இருப்பார். 'வாப்பா போன் பண்ணட்டும், சொல்றேன் பாரு' என்பதே கண்டிப்பு. வாரத்தில் ஒரு நாள் வீடியோ காலில் வரும் வாப்பா ஒரு வாரப் புகாரையும் கேட்டு ஐந்து நிமிடம் திட்டிவிட்டு வைத்துவிடுவார். பிள்ளைக்கு அவர் திட்டும் ஒரு முகமாக மட்டுமே மிஞ்சுகிறார். இந்த மாதிரி வீடுகளுக்கு வரும் ஆலோசகர் அந்த வீடியோ காலிலேயே வாப்பாவையும் உட்கார வைக்க வேண்டும். புகாருக்கு ஒரு நேரம், கதை கேட்கவும் படம் வரைந்ததைக் காட்டவும் தனியாக ஒரு நேரம் என்று பிரித்துவிட்டால் கொஞ்ச நாளில் வித்தியாசம் தெரியும்.

ஆலோசகர் வந்தால் உண்மையில் என்ன நடக்கும்?

முதல் தடவை பெரிதாக ஒன்றும் நடக்காது. 'யாரு வந்திருக்கது?' என்று தெருவே கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். என்ன சொல்வது என்பதை ஆலோசகரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். 'பிள்ளை படிப்பு விஷயமா பேச வந்திருக்காங்க' என்பது பொய்யும் இல்லை. வீட்டில் குடிக்கக் கலர் வாங்கி வந்து வைப்பார்கள், நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், பையனுக்குப் புதுச்சட்டை மாட்டிவிடுவார்கள். நல்ல ஆலோசகர் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, அடுத்த தடவை சரியாக அந்த ஆறு மணிக்கு வருவார். வேலை விட்டு அம்மா வரும் நேரம், பையன் போனோடு இருக்கும் நேரம். அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். அடுப்படிப் பக்கம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்வார். அவர் கண் போகும் இடங்களே வேறு. சார்ஜர் எங்கே மாட்டியிருக்கிறது, பையன் படிக்க இடம் இருக்கிறதா, டிவி யார் தலைமாட்டில் இருக்கிறது, இரவு எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள், பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான். பதினொரு மணிவரை சீரியல் ஓடும் அறையில் தூங்கும் பிள்ளை காலையில் எரிந்து விழுவதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. மருத்துவமனை அறையில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது.

அடுத்து, எது நடந்த பிறகு சேட்டை வருகிறது, வந்ததும் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்வார். எழுதப் பழக்கமில்லாத வீட்டில் காலண்டர் தாளில் கோடு போட்டாலே போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், 'எந்நேரமும் இப்படித்தான்' என்று சொன்ன பிள்ளை சாயங்காலம் ஆறு மணிக்கும் தூங்கப் போகும் நேரத்திலும் மட்டும்தான் அப்படி இருக்கிறான் என்று தெரியவரும். இப்படி நேரம் பிடிபட்டதும் அம்மாவின் முகத்தில் பாதிக் களைப்பு இறங்கும்.

பழக்குவது எப்போதும் அன்பில் ஆரம்பிக்கும், தண்டனையில் ஆரம்பிக்காது. தினமும் பத்து நிமிடம் பையன் கூப்பிடும் விளையாட்டை அம்மாவோ அப்பாவோ விளையாட வேண்டும். அதில் பாடம் கேட்கக்கூடாது, புத்திமதி கூடாது, 'அப்படி இல்லடா இப்படி' என்று திருத்தவும் கூடாது. அவன் சிப்பி அடுக்கினால் கூட அடுக்க வேண்டும். 'நீல சிப்பிய மேல வச்சுட்டியா' என்று அவன் செய்வதைச் சொன்னால் போதும். கேட்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். முதல் நாள் மூன்றாவது நிமிடத்திலேயே அம்மா 'ரெண்டும் மூணும் எத்தன சொல்லு' என்று ஆரம்பித்துவிடுவார். ஆலோசகர் பக்கத்தில் இருந்து மெதுவாக, 'கணக்கு வேண்டாம்க்கா, அவன் கட்டுறத மட்டும் சொல்லுங்க' என்பார். வீட்டுக்கு வந்து செய்யும் ஆலோசனையின் பலமே இந்த இடம்தான் என்பேன். சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதில் பாதி பயன்கூட வராது. செய்யும்போது கூட இருந்து திருத்துவதில்தான் கை பழகும்.

பாராட்டும் அப்படித்தான். நம் பக்கத்தில் பிள்ளையை நேருக்கு நேர் பாராட்டினால் கண் பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்று ஒரு பயம் உண்டு. 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகச் சொல்வதால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. 'ஒரு தடவ கூப்பிட்டதும் வந்துட்டியே அப்பு' என்றால் எது நல்லது என்று அவனுக்குப் பிடிபடும். நல்லபடியாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டில், தட்டை வீசினால் மட்டும் நாலு பேர் ஓடி வருகிறார்கள். அந்தக் கவனத்தைத்தான் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

சொல்லும் முறையும் மாற வேண்டும். வாசலிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும். 'சேட்டை பண்ணாத' என்றால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. 'பைய ஆணியில மாட்டு' என்றால் தெரியும். சொல்லிவிட்டு ஐந்து வினாடி பேசாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். நம் வீடுகளில் ஒரு வேலையைச் சொன்ன மூச்சிலேயே, பக்கத்து வீட்டுப் பையன் எப்படிப் படிக்கிறான் என்பது வரை போய்விடுவோம்.

போன் விஷயத்துக்கு ஒழுங்கு வைக்கும்போது வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். நாலரையிலிருந்து ஐந்து வரை போன். ஐந்து மணிக்கு அப்பத்தாவே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். அம்மா வரும்போது போன் கண்ணிலேயே படக்கூடாது. சண்டை நடக்கும் நேரத்தை இப்படி முன்னால் தள்ளி, களைப்பில்லாத ஆளின் கையில் கொடுத்துவிடுவதே பாதி வெற்றி. அப்புறமும் அழுதால் அழட்டும். அடிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஆள்மேல் எதையாவது வீசினாலோ கடித்தாலோ மட்டும் அவனைப் பக்கத்தில் ஓரமாகச் சில நிமிடம் உட்கார வைப்பது. ஒரு வயதுக்கு ஒரு நிமிடம் என்பது நடைமுறைக் கணக்கு. இருட்டறையில் பூட்டுவது இதில் சேராது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒழுங்கு வைத்த முதல் சில நாட்கள் சேட்டை குறையாது, கூடும். இதுவரை கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றதும், போதுமான அளவு கத்தவில்லை போலிருக்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். 'ஆலோசனைக்கு ஆள் வந்த பிறகுதான் இவன் மோசமாகிட்டான்' என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஆலோசனையைப் பாதியில் நிறுத்தும் குடும்பங்களில் பல இந்த இடத்தில்தான் நிறுத்துகின்றன. அப்போது விட்டுக்கொடுத்தால், முன்னைவிடப் பெரிய சத்தத்துக்குத்தான் பலன் உண்டு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அந்த வாரத்தில் ஆலோசகர் இரண்டு தடவை வந்தாலும் தப்பில்லை, இல்லாவிட்டால் சாயங்காலம் போனிலாவது இருக்க வேண்டும்.

அப்பத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அவரை வில்லியாக்கிவிடுவது சுலபம். ஆனால் மூட்டு வலியோடு பகல் முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். போன் அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. 'நீங்க செல்லம் குடுத்துத்தான் கெடுத்துட்டீங்க' என்று ஆலோசகர் முன்னால் மருமகள் சொல்லிவிட்டால் அன்றோடு முடிந்தது. அனுபவமுள்ள ஆலோசகர் முதலில் அப்பத்தாவிடம்தான் உட்காருவார். 'நீங்க பிள்ளைகளை வளத்தப்ப எப்படிம்மா சமாளிச்சீங்க?' என்று கேட்பார். அதிலிருந்தே வழி கிடைக்கும்: மாலையில் வாசலில் உட்கார்ந்து கதை சொன்னது, வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார வைத்து நூல்கண்டைக் கையில் கொடுத்தது. ஐந்து மணியிலிருந்து அம்மா வரும் வரைக்கும் அவருக்குப் போனைத் தவிர வேறு ஒரு துணை கொடுக்காமல், போனை மட்டும் பிடுங்கச் சொன்னால் அவர் செய்ய மாட்டார். செய்யவும் முடியாது.

எல்லாச் சேட்டைக்கும் இதுவே மருந்து என்று நினைத்துவிடக்கூடாது. சொன்னதைக் கேட்காத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கண், ரத்தசோகை, தூக்கம், பேச்சு வளர்ச்சி எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. நடுவில் சில வினாடி வெறித்துப் பார்த்து நின்றுபோகும் பிள்ளைக்கு வலிப்பு நோயின் ஒரு வகைகூட இருக்கலாம். ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, கற்றல் சிரமம், ஆட்டிசம் போன்றவற்றுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. குடும்ப ஆலோசனை அவற்றுக்கும் துணையாக இருக்கும், ஆனால் தனியாகப் போதாது.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் அதைச் சேட்டைக் கணக்கில் எழுதவே கூடாது. அப்பாவின் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்த வீடுகளில், பிள்ளை படுக்கையில் சிறுநீர் கழிப்பதும், பள்ளிக்குப் போக மாட்டேன் என்பதும், தம்பியை அடிப்பதும் பயத்தால் வருகிறவை. அங்கே பிள்ளைக்குத் தேவை கண்டிப்பு இல்லை. அப்பா எங்கே இருக்கிறார், யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டில் யார் கூட இருப்பார்கள் என்பதை அவன் வயதுக்கு ஏற்ற மாதிரி உண்மையாகச் சொல்ல வேண்டும். 'நாளைக்கு வந்துருவாரு' என்று தினமும் சொல்லும் பொய், சில நாட்களில் அம்மாவின் வேறு எந்தப் பேச்சையும் நம்பாமல் ஆக்கிவிடும்.

அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் வீட்டில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது ஆபத்து. அம்மா வாய் திறந்து சொன்னதற்கு ஆலோசகர் போன பிறகு அடி விழும். அங்கே முதலில் அம்மாவோடு தனியாகப் பேசிப் பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும். பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருப்பது தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தாக வேண்டும். ஆலோசகரும் அதற்கு உட்பட்டவர்தான். மற்ற விஷயங்களை அவர் வெளியே சொல்லக்கூடாது. இது ஒன்றில் ரகசியம் கிடையாது. இதை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரிடம் நீங்களே கேளுங்கள்.

மனநலம் என்ற சொல்லுக்கே இந்தக் கரையில் ஒரு நடுக்கம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசும் நீதிமன்றமும் தலையிட்டு நிறைய மாறியிருக்கிறது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவாவோடு மருந்தும் கிடைக்கும்படி அங்கேயே ஏற்பாடு வந்தது. ஆனாலும் பிள்ளையை 'அங்கிட்டு' கூட்டிப்போனால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்ற பயம் போகவில்லை. வீட்டுக்கு ஆள் வருவதில் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைகிறது. பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் ஆலோசகர் அதைப் பற்றி வாதாடத் தேவையில்லை என்பது என் எண்ணம். கயிறு கையில் இருக்கட்டும். ஐந்து மணிக்குப் போன் அலமாரிக்குப் போனால் போதும்.

சரி, ஆளை எங்கே தேடுவது? சென்னை, மதுரை அளவுக்கு வீடு தேடி வரும் ஆலோசகர்கள் இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் உளவியலாளரையும் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் கேட்டு ஆரம்பிக்கலாம். மதிப்பீடு அங்கே இலவசம். அங்கேயே, உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரக்கூடிய சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டுக்கு வர ஆள் இல்லையென்றால், ஆலோசகரை வீடியோ காலில் அழைத்து, போனை அலமாரிமேல் சாய்த்து வைத்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு நடப்பதையே அவரைப் பார்க்க வைக்கலாம். நேரில் வருவதற்கு ஈடாகாது, ஆனால் பஸ் ஏறிப் போய்ச் சொல்வதைவிட மேல்.

தனியாரை அழைத்தால் படிப்பைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். உளவியலிலோ மனநலச் சமூகப் பணியிலோ முதுகலை படித்தவர்களும் நன்றாகச் செய்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரிடம் போக வேண்டாம். 'ஒரே சிட்டிங்கில் மாத்திருவேன்' என்பவரிடமும், பிள்ளையை மட்டும் தனியறைக்குக் கூட்டிப்போய் உங்களிடம் ஒன்றும் சொல்லாதவரிடமும் வேண்டாம். வாரம் ஒரு தடவை, ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், மூன்று நான்கு மாதம் என்று திட்டமிடுவதுதான் வழக்கம். கடைசி மாதத்தில் வருகை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறையும்.

ஆரம்பிக்க நேரம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. விசைப்படகுக் குடும்பங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பா வீட்டில் இருப்பார். பள்ளிக்கும் பெரும்பகுதி விடுமுறை. வருமானம் இல்லாத எரிச்சலும் கடன்காரர் வரும் சத்தமும் இருக்கும்தான், ஆனாலும் வருஷத்தில் வேறு எப்போதும் எட்டு வாரம் தொடர்ச்சியாக எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்க முடியாது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்பா கூடவே இருந்து பழகிய ஒழுங்கு, படகு கிளம்பிய முதல் வாரத்திலேயே குலையும். ஆகவே ஜூன் 14க்குள் முடித்துக்கொள்ளாமல், படகு கடலுக்குப் போன பிறகு இரண்டு வருகையாவது மிச்சம் இருக்கும்படி ஆலோசகரிடம் முதல் நாளே தேதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அப்பா கடலில் இருக்கும் சாயங்காலமாக இருக்கட்டும்.